மயிலிட்டியில் பெட்டி வேண்டாம், கிணறு போதும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் காடு என்று சொல்லத்தக்க காடு கிடையாது. பனங்கூடல் உண்டு, தரவை உண்டு, கடற்கரையோரம் தாழம்பற்றை உண்டு. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மரநிழலில் அரைநாள் நடந்து, கையோடு கொண்டுபோன அடுப்பை மூட்டித் தேநீர் வைத்துக் குடித்துவிட்டு வரலாம் என்று புறப்படுகிறவர் வன்னிப் பக்கம்தான் போகவேண்டும் என்பது எங்கள் தலைமுறையின் நினைப்பு. ஆனால் வலிகாமம் வடக்கில் இன்று ஒரு காடு இருக்கிறது. 1990 யூனில் சனங்கள் எழும்பிப்போன பிறகு, கால் நூற்றாண்டுக்கு மேல் எவரும் கத்தி வைக்காத வீட்டு வளவுகளில் வளர்ந்த காடு அது. கூரை போன வீட்டுக்குள்ளிருந்து வேம்பு எழுந்து நிற்கிறது. அன்றைய வடலிகள் இன்று பனைகள். முற்றம் எது, ஒழுங்கை எது, மாட்டுக்கொட்டில் எது என்று தெரியாதபடி எருக்கலையும் நாயுண்ணியும் மூடிக்கிடக்கின்றன. மயிலிட்டித் துறைமுகமும் அதனைச் சூழ்ந்த 54 ஏக்கர் நிலமும் 2017 யூலை 3ஆம் திகதி விடுவிக்கப்பட்டன. அதன்பின் பகுதி பகுதியாகக் காணிகள் விடுபட்டபோது, உள்ளே போனவர்களில் பலர் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது தங்கள் சொந்த வாசலை.

ஒன்ராறியோவில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக வாழும் நண்பர் ஒருவருக்கு மனைவியின் ஊர் மயிலிட்டி. சென்ற ஆண்டு பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளோடு வருவதற்கு முன்னர் எனக்கொரு நீண்ட மடல் எழுதினார். பிள்ளைகள் இருவரும் அங்கே ஜியோகாஷிங் என்ற விளையாட்டில் கெட்டிக்காரர்களாம். ஸ்கார்பரோவை அடுத்துள்ள ரூஜ் பூங்காவின் மரங்களுக்கிடையே ஞாயிறுதோறும் குடும்பமாக நடந்து, யாரோ ஒளித்துவைத்த பெட்டிகளைக் கைத்தொலைபேசியின் துணையோடு தேடி எடுப்பார்களாம். அம்மம்மாவின் காணியிலும் அதன் சுற்றாடலிலும் ஐந்தாறு பெட்டிகளை ஒளித்துவைத்து, அவற்றின் ஆள்கூறுகளை உலகுக்கு அறிவித்தால், புலம்பெயர்ந்த பிள்ளைகள் தேடிக்கொண்டு வருவார்கள், ஊரும் உயிர் பெறும் என்பது அவருடைய யோசனை. கூடவே சுள்ளி எரிக்கும் சிறிய தகர அடுப்பொன்றையும் கொண்டுவரப் போவதாக எழுதி, என் கருத்தைக் கேட்டிருந்தார். நடை வேண்டும், அடுப்பு வேண்டும், ஆள்கூறு கட்டாயம் வேண்டும், பெட்டி மட்டும் வேண்டாம் என்று பதில் அனுப்பினேன். இதே யோசனையோடு வேறு சிலரும் கேட்டுவிட்டதால், என் காரணங்களை இங்கே சற்று விரித்து எழுதுகிறேன்.

விளையாட்டை அறியாதவர்களுக்காக நாலு வரி. ஈரம் புகாத ஒரு பெட்டிக்குள் குறிப்புப் புத்தகம், பென்சில், சில்லறைச் சாமான்கள் ஆகியவற்றை வைத்து ஒருவர் ஓரிடத்தில் மறைத்துவிடுவார். அகலக்கோடு, நெடுங்கோடு எண்களை மட்டும் அறிவிப்பார். செய்மதியின் உதவியோடு மற்றவர்கள் அவ்விடத்தைத் தேடிப் போவார்கள். கண்டெடுத்தவர் புத்தகத்தில் பெயரும் திகதியும் எழுதவேண்டும். உள்ளிருந்து ஒரு பொருளை எடுத்தால் இணையான பொருளொன்றை வைக்கவேண்டும். பெட்டியைப் புதைக்கக் கூடாது, உணவு வைக்கக் கூடாது, காணிச் சொந்தக்காரரின் அனுமதி பெறவேண்டும். விளையாட்டில் சேராத வழிப்போக்கருக்கு ஹரி பொட்டர் கதையிலிருந்து ஒரு பெயர் எடுத்து 'மகிள்' என்று வைத்திருக்கிறார்கள். மகிள் பார்த்திருக்கும்போது பெட்டியை எடுப்பது முறையன்று. (மயிலிட்டியில் மகிளின் தோளில் துவக்கு இருக்கக்கூடும்.)

இது பழைய விளையாட்டன்று. அமெரிக்க இராணுவத்தின் செய்மதிகள் பொதுமக்களுக்கு அனுப்பிய சமிக்ஞையை அந்நாட்டு அரசு வேண்டுமென்றே குழப்பி வைத்திருந்தது. சாதாரணக் கருவி காட்டும் இடம் நூறு மீற்றர் வரை பிசகும். 2000 மே மாதத்தின் முதல் இரவுடன் அந்தக் குழப்பத்தை நிறுத்தினார்கள். மே 3ஆம் திகதி, ஒரிகன் மாநிலத்தின் பீவர்கிரீக் என்ற ஊரருகே டேவ் அல்மர் என்பவர் ஒரு கறுப்பு வாளிக்குள் புத்தகங்கள், ஒரு கவண், ஒரு பேணி அவரை முதலியவற்றை இட்டு மரங்களுக்கிடையே வைத்துவிட்டு எண்களை அறிவித்தார். அங்கிருந்து உலகெங்கும் பரவியது.

அதே 2000 மே 3ஆம் திகதியை இலங்கைப் பத்திரிகைக்காரர்கள் வேறொன்றுக்காக நினைவில் வைத்திருக்கிறோம். ஏப்ரல் 22ஆம் திகதி ஆனையிறவு வீழ்ந்திருந்தது. சண்டை யாழ்ப்பாண நகரை நெருங்கிக்கொண்டிருந்தது. அன்றுதான் புதிய அவசரகால விதிகள் வந்தன. எதை எழுதலாம், எதை எழுதக்கூடாது என்ற கட்டுப்பாடு கழுத்தை இறுக்கியது. அந்த மாதம் முடிவதற்குள் 'உதயன்' பத்திரிகை அலுவலகம் பூட்டப்பட்டது. ஒரு நாட்டில் இடத்தைத் துல்லியமாகச் சொல்வது பிள்ளைகளின் விளையாட்டாகிய நாளில், எங்கள் நாட்டில் எந்த இடத்தில் என்ன நடக்கிறது என்று சொல்வதே குற்றமாயிற்று. தற்செயல்தான். ஆனாலும் பெட்டி விளையாட்டை அப்படியே தூக்கிவந்து மயிலிட்டியில் வைக்க முடியாதென்று நான் சொல்லும்போது, இந்த இரண்டு மே மாதங்களும் என் மனத்தில் இருக்கின்றன.

முதற் காரணம் எளிது. வடக்கில் வளர்ந்த பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் கற்பித்த பாடம் ஒன்றுண்டு: பற்றைக்குள் கிடக்கும் பெட்டி, பேணி, விளையாட்டுச் சாமான் எதுவானாலும் தொடாதே, கிட்டப் போகாதே, பெரியவர்களிடம் சொல். இந்தப் பாடத்தால் எத்தனையோ பிள்ளைகளின் கைகால்கள் தப்பியிருக்கின்றன. ஜியோகாஷிங் கற்பிப்பது இதற்கு நேர் எதிரானதை. பற்றைக்குள் பெட்டி கிடந்தால் ஓடிப்போய் எடு, திற, உள்ளே உனக்கொரு பரிசு இருக்கிறது என்கிறது. ஹலோ ட்ரஸ்ட் முதலிய நிறுவனங்கள் 2002 முதல் வடக்கில் மிதிவெடி அகற்றி வருகின்றன. இலங்கை 2017 டிசம்பரில் ஒட்டாவா உடன்படிக்கையில் இணைந்தது. விடுவிக்கப்பட்ட காணிகள் சோதிக்கப்பட்டவைதானே என்று நண்பர் கேட்டார். இருக்கலாம். ஆனால் பிள்ளை ஓரிடத்தில் பழகியதை இன்னோரிடத்திலும் செய்யும். மயிலிட்டியில் பெட்டியைத் திறந்து மகிழ்ந்த பிள்ளை மறுநாள் வன்னிக்குப் போகும் வழியில் முகமாலையில் இறங்கி நின்றால் என்ன செய்யும்? அங்கே மிதிவெடி அகற்றுவோர் ஒவ்வொரு சாணாகத் தவழ்ந்து வேலை செய்ததை நான் பார்த்திருக்கிறேன். கனடாவிலிருந்து வரும் பிள்ளை மூன்று கிழமையில் திரும்பிவிடும். பக்கத்து வீட்டுப் பிள்ளை அங்கேயே வாழ்கிறது, பார்த்துப் பழகுகிறது.

சண்டையே நடக்காத ஊரிலும் இந்தப் பெட்டிகள் வம்பை விலைக்கு வாங்கியிருக்கின்றன. 2011 யூலையில் இங்கிலாந்தின் வெதர்பி என்ற சிற்றூரில், உணவகமொன்றின் வெளியே ஒருவர் பெட்டி வைத்ததைக் கண்டவர்கள் பொலிசுக்கு அறிவிக்க, தெருவை அடைத்து, இராணுவத்தின் குண்டு நிபுணர்கள் வந்து அதை வெடிக்கவைத்தார்கள். உள்ளே இருந்தவை விளையாட்டுச் சாமான்கள். வெதர்பியில் அது மறுநாள் சிரிப்புச் செய்தி. பலாலிப் படைத்தளமும் விமான நிலையமும் கூப்பிடு தூரத்தில் இருக்கும் மயிலிட்டியில், முட்கம்பி வேலிக்கு அருகே ஒருவர் குனிந்து எதையோ மறைத்துவிட்டுப் போனார் என்றால், மறுநாள் விசாரணைக்கு அழைக்கப்படுபவர் ரொறன்ரோவுக்கு விமானம் ஏறிவிட்டவராக இருக்கமாட்டார்.

ஆகவே பெட்டி வேண்டாம். ஆனால் தேடல்? அதற்கு மயிலிட்டியில் பஞ்சமே இல்லை. ஒளித்துவைக்க வேண்டிய அவசியமில்லாமல், ஏற்கெனவே ஒளிந்து கிடக்கின்றது ஓர் ஊர்.

எங்கள் காணி உறுதிகளை வாசித்தவர்களுக்கு நான் சொல்லவருவது விளங்கும். யாழ்ப்பாணத்து உறுதியில் காணிக்கு ஒரு பெயர் இருக்கும். புளியடி, நொச்சியடி வளவு, கிணற்றடி வயல் என்று ஆளுக்குப் பெயர் இருப்பதுபோல் நிலத்துக்கும் பெயர். பிறகு பரப்பும் குழியும். பதினாறு பரப்பு ஓர் ஏக்கர், பதினெட்டுக் குழி ஒரு பரப்பு. அதன்பின் எல்லைகள்: கிழக்கு இன்னாரின் ஆதனம், வடக்கு ஒழுங்கை, மேற்கு இன்னாரின் மனைவி இன்னாரின் ஆதனம், தெற்கு இன்னாரின் பிள்ளைகள் பங்கு. கடைசியில், இதற்கு வெளியே கிடக்கும் கிணற்றில் பங்கும் வழி வாய்க்கால் உரித்தும். ஒல்லாந்தர் 1707இல் தேசவழமையை எழுதுவித்த காலத்துக்கு முன்பிருந்தே நாங்கள் நிலத்தை அண்டை அயலாரைக் கொண்டுதான் அளந்துவந்தோம். அயலவன் இருக்கும்வரை இதைவிட நல்ல வரைபடம் வேண்டியதில்லை. 1990இல் நடந்தது, ஓர் ஊரின் அயலவர் அனைவரும் ஒரே கிழமையில் இல்லாமற் போனது. கிழக்கு எல்லைக்காரர் பாரிசில், மேற்கு எல்லைக்காரர் மல்லாகத்து முகாமில் காலமாகிவிட்டார், வடக்கு ஒழுங்கை காட்டுக்குள், கதியால் வேலி எப்போதோ உக்கிப்போயிற்று. உறுதி கையில் பத்திரமாக இருக்கிறது. அதில் எழுதிய ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஆனால் அது சுட்டிக்காட்டும் எதுவும் நிலத்தில் இல்லை.

2013 ஏப்ரலில் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கர் நிலத்தை அரசு சுவீகரிக்கப்போவதாக அறிவித்தல்களை ஒட்டியபோது, உரிமையாளர்களைக் கண்டறிய முடியவில்லை என்ற வாசகம் அவற்றில் இருந்தது. கண்டறிய முடியாத அந்த உரிமையாளர்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனார்கள். அவர்களிற் பலர் காணியிலிருந்து சைக்கிளில் அரைமணி நேரத் தொலைவில்தான் வசித்துக்கொண்டிருந்தார்கள். இந்த ஊரில் 'இடம் தெரியும்' என்பது வெறும் பொழுதுபோக்கு அறிவாக இருக்க முடியாது.

நண்பரின் குடும்பம் ஆடி மாதம் வந்திறங்கியது. ஒரு காலை ஆறரை மணிக்குப் புறப்பட்டோம். எழுபத்தெட்டு வயது அம்மம்மா, மகள், மருமகன், பதின்மூன்று வயதுப் பெட்டை, பத்து வயதுப் பொடியன், நான். காணி விடுபட்டுச் சில ஆண்டுகளாயினும் அம்மம்மாவின் வளவு துப்பரவாக்கப்படாமலே கிடந்தது. பக்கத்துக் காணிக்காரர் கத்தியோடு முன்னே நடந்து வெட்டிய ஒற்றையடிப் பாதையை விட்டு எவரும் விலகுவதில்லை என்பது நிபந்தனை. பாம்பு ஒரு காரணம். பெரிய காரணம், கட்டு இடிந்து கொடி மூடிக் கிடக்கும் கிணறுகள்.

உறுதியில் உள்ளபடி கிணறு வளவின் வடகிழக்கில். ஆனால் வளவு எங்கே தொடங்குகிறது என்பதே தெரியவில்லை. பிள்ளைகள் கைத்தொலைபேசியைப் பார்த்தார்கள். அதில் பச்சையாக ஒரு திட்டு, நடுவில் நாங்கள் ஒரு நீலப் புள்ளி. அம்மம்மா நிலத்தைப் பார்க்கவில்லை. அண்ணாந்து மரங்களைப் பார்த்தபடி நின்றார்.

"பூவரசைத் தேடுங்கோ பிள்ளையள். ரெண்டு பூவரசு பக்கத்தில பக்கத்தில நிக்கும். அதுதான் ஆடுகால்."

ஆடுகால் என்றால் என்னவென்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது. துலா போட்டுத் தண்ணீர் அள்ளிய காலத்தில், துலாவைத் தாங்குவதற்குக் கிணற்றடியில் நட்ட இரட்டைக் கால். பூவரசங் கதியாலை நட்டால் அது தளைத்து மரமாகிவிடும். துலா போய், பம்பு வந்து, பம்பும் போய், வீடும் போனபின்னும் மரம் நிற்கும். கால்மணி நேரத்தில் பெட்டைதான் கண்டாள். "அம்மம்மா, இங்க ரெண்டு மரம் ஒரே சைஸில நிக்குது." தகப்பன் அவளுடைய தோளைப் பிடித்து நிறுத்தினார். நாலு முழம் தள்ளி, நாயுண்ணிக்குக் கீழே கிணறு வாய் திறந்து கிடந்தது. தண்ணீர் இருந்தது. பொடியன் ஒரு சிறு கல்லைப் போட்டுச் சத்தம் கேட்டான். அம்மம்மா ஒன்றும் பேசவில்லை. கிணற்றிலிருந்து திரும்பி நின்று, பதினெட்டு அடி எண்ணி நடந்து, "இது குசினி வாசல்" என்றார். அவ்விடத்தில் கத்தி வைத்தபோது சீமேந்துப் படி தட்டுப்பட்டது.

பழைய மயிலிட்டிக் கடற்றொழிலாளரும் இப்படித்தான் இடம் கண்டார்கள். கரையில் உள்ள இரண்டு அடையாளங்கள், ஒரு கோபுரமும் ஒரு பனையும் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரே நேரில் வரும்வரை வள்ளத்தை விடுவார்கள். வேறு இரண்டு அடையாளங்கள் இன்னொரு கோட்டைத் தரும். கோடுகள் வெட்டும் இடத்தில் வலை. இன்று படகில் ஜீ.பி.எஸ். கருவி இருக்கிறது. கருவி வந்ததால் கடல் எல்லைத் தகராறு தீர்ந்துவிடவில்லை என்பதற்குச் சாட்சியாக, கைப்பற்றப்பட்ட இந்திய இழுவைப்படகுகள் மயிலிட்டித் துறைமுகத்தில் கட்டி வைக்கப்பட்டதைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள்.

கிணற்றடியில் மூன்று கைத்தொலைபேசிகளிலும் ஆள்கூறு எடுத்தோம். மூன்றும் மூன்று எண் காட்டின. வித்தியாசம் நாலைந்து மீற்றர். திறந்த வெளியில் கைத்தொலைபேசி ஏறக்குறைய ஐந்து மீற்றருக்குள் இடம் சொல்லும். மரங்களுக்குக் கீழே அதனிலும் மோசம். தசமப் புள்ளிக்குப் பிறகு ஐந்தாம் இலக்கம் ஒரு மீற்றர் அளவைக் குறிக்கும் என்பதால், எட்டு இலக்கங்களை எழுதிவைத்துக்கொண்டு துல்லியம் என்று நம்புவது வீண். இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மூன்று பரப்புக் காணி சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் இருபத்தேழு மீற்றர் அளவுதான். அதில் இரு பக்கமும் ஐந்தைந்து மீற்றர் பிசகினால் மூன்றிலொரு பங்கு அயலவனுடையதாகிவிடும், அல்லது அயலவன் பங்கு உங்களுடையதாகும். கைத்தொலைபேசியைக் காட்டி வேலி போடப் புறப்பட்டால் முடிவு கோட்டுக்கச்சேரியில்தான். வேலிக்கு நில அளவையாளரே வேண்டும். ஆனால் அளவையாளர் வந்து நின்று "எங்கிருந்து தொடங்குவது?" என்று கேட்கும்போது, "இதோ கிணறு, இதோ ஆடுகால், இதோ குசினிப் படி" என்று காட்ட ஒருவர் வேண்டும். அந்தக் காட்டுதலைக் குறித்துவைக்க ஐந்து மீற்றர்ப் பிசகு பெரிய பிசகல்ல.

இனி அடுப்பு. எங்கள் குழுவில் அதிகச் சந்தோசத்தைத் தந்தது அதுதான் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இரட்டைச் சுவருள்ள துருப்பிடிக்காத தகரப் பேணி, உயரம் ஒரு சாண். அடித்துளைகளால் புகும் காற்று ஒருபுறம் சுள்ளியை எரிக்கிறது. மறுபுறம் இரு சுவர்களுக்கிடையே ஏறிச் சூடாகி, மேல் துளைகளால் வந்து, எரியாமல் எழும் புகையையும் எரித்துவிடுகிறது. அதனால் புகை குறைவு, விறகு கையளவு போதும். அம்மம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதென்ன, சுண்டு மாதிரிக் கிடக்கு" என்றார். பிறகு அவரே பொறுப்பெடுத்தார். பன்னாடையைக் கசக்கி அடியில் வைத்தார், மேலே காய்ந்த சுள்ளி, அதன்மேல் உடைத்த ஊமல் நாலு. ஊமல் எரியும் நேரமும் அதன் தணலும் கனடாவில் விலைக்கு விற்கும் எரிகட்டிகளுக்கு வராது என்று மருமகன் பிறகு சொன்னார். பொருளாதாரத் தடைக் காலத்தில், மண்ணெண்ணெயைக் கண்ணால் காண்பதே அரிதாக இருந்தபோது, ஜாம் போத்தல் விளக்கில் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாகக் கணக்குப் பண்ணியவர்கள் எங்கள் பெண்கள். எந்தச் சுள்ளி எப்படி எரியும் என்பது அவர்களுக்கு மனப்பாடம். 2022இல் நாடு முழுவதும் எரிவாயுவுக்கு வரிசையில் நின்றபோது கொழும்பு மாடிவீடுகளில் தவித்ததுபோல் யாழ்ப்பாணத்துக் குசினிகள் தவிக்கவில்லை என்று நான் அப்போது சொன்னது வீட்டில் சிலருக்குப் பிடிக்கவில்லை. விறகு ஊதி இருமியவர்கள் அவர்கள்தானே.

இந்தச் சிறிய அடுப்பை நான் ஆதரிப்பதற்கு மயிலிட்டிக்கே உரிய காரணமும் ஒன்றுண்டு. போர் நடந்த மண்ணில் தரையில் நெருப்பு மூட்டக் கூடாது. குப்பைக்குத் தீ வைத்தபோது மண்ணுக்குள் கிடந்த வெடிபொருள் வெடித்த செய்தியை வடக்குப் பத்திரிகைகளில் பல தடவை அச்சேற்றியிருக்கிறோம். தரையைச் சுடாத, அடியில் தட்டுள்ள அடுப்பு ஆபத்தைக் குறைக்கிறது. நாங்கள் அதைக் கிணற்றடியில் இருந்த உடுப்புத் தோய்க்கும் கல்லின்மேல் வைத்தோம். ஆடி மாதக் காற்றுக்குக் காவோலை ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும் என்பதால் பக்கத்தில் ஒரு வாளி தண்ணீரும், முடிந்ததும் சாம்பலை நனைத்துக் கையால் தொட்டுப் பார்ப்பதும் கட்டாயம். இன்னொன்று: விழுந்து கிடக்கும் மட்டையும் ஓலையும் அநாதைப் பொருள் அல்ல. மீளக்குடியேறித் தகரக் கொட்டிலில் இருக்கும் அயல் குடும்பத்துக்கு அது வேலி, அது விறகு. கையளவு சுள்ளிக்கு மேல் எடுக்கவேண்டாம். தேநீர் வைத்தால் அவர்களுக்கும் ஒரு கோப்பை.

இதெல்லாம் வெளிநாட்டுக்காரரின் உல்லாசம், ஊரவர் வீடும் வள்ளமும் இல்லாமல் நிற்கையில் காட்டு நடை ஒரு கேடா என்று ஊரில் ஒருவர் என்னிடம் கேட்டார். கேள்வியில் நியாயம் இருக்கிறது. இசைப்பெட்டி, இறைச்சி, போத்தல் என்று வந்திறங்கிப் பிறர் வளவில் கூத்தடித்துவிட்டுப் போகும் கூட்டங்களைப் பற்றியதென்றால் நானும் அவர் பக்கம்தான். ஆனால் பாழடைந்த வளவொன்றில் கிணறு எங்கே என்று அறிந்தவர்கள் நாளுக்குநாள் குறைந்து வருகிறார்கள். 1990இல் முப்பது வயதில் குடும்பம் நடத்தியவருக்கு இன்று அறுபத்தைந்து கடந்துவிட்டது. அன்று காணிகளைப் பிரித்துக் கொடுத்த மூத்தவர்கள் பெரும்பாலும் இல்லை. வீட்டுத்திட்டம் வரலாம், துறைமுகம் இன்னும் ஆழமாகலாம். அவற்றுக்காகப் புல்டோசர் இறங்கி ஒரு காலையில் பற்றையைத் தள்ளும்போது, இரட்டைப் பூவரசும் வெறும் பற்றைதான். காட்டால் மூடப்பட்டிருந்தவரை அது அங்கே இருந்தது. துப்பரவாக்கியபின் அதுவும் இருக்காது.

ஆகவே என் யோசனை இது. அமெரிக்கப் பிள்ளைகளின் குறிப்புப் புத்தகத்தை எடுத்துக்கொள்வோம், பெட்டியை விட்டுவிடுவோம். வருகிற குடும்பம் ஒரு கொப்பி கொண்டுவரட்டும். காணிப்பெயர், கிணற்றின் ஆள்கூறு, கிணற்றில் யார் யாருக்குப் பங்கு, ஆடுகாலோ புளியோ எதுவாயினும் நிற்கும் மரம், ஒழுங்கை எங்கே திரும்பியது, சொன்னவர் பெயர், அவருடைய வயது, திகதி. காணிப்பெயர்கள் ஊர் வரைபடங்களில் இல்லை, உறுதிகளிலும் கிழவிகளின் வாயிலும் மட்டுமே இருக்கின்றன. காச நோய் வைத்தியசாலை எவ்விடத்தில் நின்றது, கலைமகள் பள்ளிக்கூடத்துக்குக் குறுக்குவழி எது, கண்ணகை அம்மன் கோயிலடிக்குத் தண்ணீர் எங்கிருந்து போனது என்பவையும் சேரட்டும். கிணற்று ஆள்கூறுகளை முன்பின் தெரியாதவர்களுக்கு அறிவிக்கத் தேவையில்லை. ஒரு பிரதி குடும்பத்திடம், ஒரு பிரதி உறுதியோடு, ஒரு பிரதி வலிகாமம் வடக்குப் பிரதேச சபையின் நூலகமொன்றில் இருந்தால் போதும். இன்னும் விடுவிக்கப்படாத காணிகளுக்குள் போக முடியாதவர்கள் கம்பிவேலிக்கு வெளியே நின்றே தெரிந்ததை எழுதலாம், எழுதவும் வேண்டும். வேலியைப் படம் எடுக்கவேண்டாம்.

புறப்படுகிறவர்களுக்கு ஒரு நடைமுறைச் செய்தி. ஐப்பசியில் மாரி தொடங்கிவிட்டால் பற்றை மூடிவிடும், பாம்பும் அட்டையும் வரும், கிணற்று விளிம்பு எதுவென்று கண்ணுக்குத் தெரியாது. யூலை, ஓகஸ்ட் விடுமுறைதான் ஏற்ற காலம். முழங்கால் வரை சப்பாத்து, கத்தியோடு வழி தெரிந்த அயலவர் ஒருவர், ஆளுக்கு இரண்டு போத்தல் தண்ணீர். அம்மம்மாவுக்கு இருக்க ஒரு மடக்குக் கதிரை கொண்டுபோங்கள். நாங்கள் கொண்டுபோன கதிரை அடுப்பைவிட அதிகம் பயன்பட்டது.